பாரிட்டு ஓரத்தில் வைத்த சோறு

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போன நாளைப் பற்றி எனக்குச் சந்தேகம் கிடையாது. அது 1951ஆம் ஆண்டு மாசி அமாவாசை. அன்று அமாவாசையாக இல்லாமலிருந்தால் அவரைப் பிடித்திருக்கவே மாட்டார்கள். அதனால் இந்த ஒரு நாளை மட்டும் எந்தப் பழைய பஞ்சாங்கத்தைக் கொண்டும் நான் சரிபார்க்க முடியும். மற்ற நாட்களை வேறு விதமாகத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் எதையும் எழுதி வைத்தவர்கள் இல்லை. ரப்பர் மரம் இலை கொட்டிய மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், மாரியம்மன் கோயில் திருவிழா, அரிசிக் கூப்பனைக் குறைத்த மாதம் என்று ஒவ்வொன்றாக நட்டு வைத்து, எது முன்னால், எது பின்னால் என்று அடுக்கியிருக்கிறேன். அம்மா உயிரோடு இருந்தவரை அவளிடம் கேட்டுத் திருத்தியும் இருக்கிறேன்.

மலாயாவின் அவசரகாலத்தைப் பற்றிக் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்தேன். எங்கள் தோட்டம் எதிலும் இல்லை. இருக்க நியாயமும் இல்லை. அங்கே யாரும் சுடப்படவில்லை, ஸ்டோர் கொளுத்தப்படவில்லை, பால் மரங்களை யாரும் பட்டை உரித்துப் பாழாக்கவில்லை. ஓர் ஆளைப் பிடித்தார்கள், கப்பலேற்றினார்கள். அவ்வளவுதான்.

தோட்டம் கோலசிலாங்கூர் டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மேற்கே கம்பங்கள் என்று சொல்லும் மலாய்க் கிராமங்கள், அவற்றுக்கும் அப்பால் கடல். கிழக்கு எல்லையில் பாரிட்டு என்று நாங்கள் சொல்லும் பெரிய வடிகால். அதைத் தாண்டினால் சதுப்புக் காடு. கால் வைத்தால் இடுப்பளவு இறங்கும். தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி கறுத்துக் கிடக்கும். காட்டுக்காரர்கள், அதாவது அரசாங்கத்தை எதிர்த்துத் துப்பாக்கி எடுத்தவர்கள், அந்தப் பக்கமாகத்தான் வந்து போகிறார்கள் என்று பேச்சு. நான் ஒருவரையும் பார்த்ததில்லை.

அப்பா பத்தொன்பது வயதில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். பால் மரம் வெட்டுவதுதான், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுப்பதுதான் வேலை. சப்பான்காரன் காலத்தில் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது, அதிலிருந்து தப்ப ஒரே வழி, இந்திய விடுதலைக்கென்று இங்கே திரட்டிய படையில் சேருவது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. 1943இல் அவரும் அதே லயத்தில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில், குடியிருந்த இன்னொருவரும் ஒரே நாளில் பெயர் கொடுத்தார்கள். அந்த இன்னொருவருக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். கைக்குழந்தை ஒன்று. அவருடைய மனைவியை நான் சின்னம்மா என்று கூப்பிடுவேன். உறவு ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டிலிருந்து நான்கு வாசல் தள்ளி அவள் வீடு.

1946இல் அப்பா மட்டும் திரும்பி வந்தார். எனக்கு ஏழு வயது. லோரியிலிருந்து இறங்கியவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. சின்னம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் அவள்தான் ஓடினாள்.

"அண்ணே, அவரு எங்கண்ணே?"

"ரங்கூன் ஆசுபத்திரில இருக்கான். காலுல புண்ணு. ஆறினதும் அனுப்பி வெச்சிடுவாங்க."

"நடக்க முடியுதா?"

"முடியுது. கம்பு ஊணிக்கிட்டு நடக்கறான்."

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். அந்த மனிதர் இறந்து அப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நடந்ததை அப்பா அம்மாவிடம் மட்டும் சொன்னார், அதுவும் வந்து ஓராண்டு கழித்து. அம்மா எனக்கு முழுவதையும் சொன்னது நான் ஆசிரியை ஆன பிறகு. 1945இல் படை பர்மாவிலிருந்து பின்வாங்கி நடந்துகொண்டிருந்தபோது, நண்பருக்கு வயிற்றுக்கடுப்பு கண்டது. படுத்துவிட்டார். "ஒரு வாய் சோறு கெடச்சா எந்திரிச்சிருவேன்டா" என்று கேட்டிருக்கிறார். அப்பாவின் துண்டு முனையில் ஒரு கைப்பிடி அரிசி முடிந்து வைத்திருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டார். இவன் எப்படியும் பிழைக்கப் போவதில்லை, நான் பிழைக்கலாம் என்று கணக்குப் போட்டதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். மறுநாள் நண்பர் இல்லை. மூடுவதற்கு நேரமில்லாமல் இலைகளைப் போட்டுவிட்டு நடந்திருக்கிறார்கள். அது எந்த மாதம், என்ன கிழமை என்று அவருக்குத் தெரியவில்லை. நாட்களை எண்ணுவதை எல்லோரும் விட்டுவிட்ட சமயம் அது.

இறந்த திதி தெரியாதவர்களுக்கு அமாவாசையில் படைப்பது எங்கள் வழக்கம். அப்பா ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு கைப்பிடி சோறு கேட்டார். அம்மா ஆக்கிக் கொடுக்க மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"செய்யறத நான் தடுக்கல. ஆனா அது நம்ம பந்தம் இல்ல. பட்டினில போன உசுரு. அத வாசப்படிக்குள்ள கூப்புடாதீங்க. வூட்டுல மூணு புள்ள இருக்கு."

"அப்ப எங்க வெக்கச் சொல்ற?"

"எல்லைக்கு வெளிய. வெச்சிட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருங்க."

அப்பாவுக்கும் அது ஒத்து வந்தது. வீட்டில் படைத்தால் நான்கு வாசல் தள்ளி இருப்பவளுக்கு யாருக்காக என்று சொல்ல வேண்டியிருக்கும். அவர் வெட்டும் மர வரிசை, எங்கள் பேச்சில் நிரை, கிழக்கே பாரிட்டு வரை போகும். காலையில் அங்கே போகும்போது கொண்டுபோய் வைத்துவிடுவார். வாழையிலையில் சோறு, ஒரு துண்டு வறுத்த கருவாடு, ஒரு ரோக்கோ. நீப்பா இலையில் சுருட்டிய அந்தப் புகையிலை நண்பருக்குப் பிடிக்குமாம். சூடம் கொளுத்தமாட்டார், வாசனையும் வெளிச்சமும் ஆளைக் கூப்பிடும் என்று. வைத்துவிட்டு விறைப்பாக நின்று, படையில் பழகிய மாதிரி ஒரு சல்யூட் அடித்துவிட்டு, அம்மா சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்.

வீட்டில் அவர் அதிகம் பேசாத ஆள். கள்ளுக்கடைப் பக்கம் போகமாட்டார். சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் வந்து நின்றால் தட்டை அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார். பூனை வந்து நின்றாலும் தள்ளுவார். எங்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும். தம்பிகள் இருவரும் வேண்டுமென்றே போய் நிற்பார்கள்.

சின்னம்மா காத்திருந்தாள். தினமும் மஞ்சள் பூசிக் குளித்து, பொட்டு வைத்து, வேலைக்குப் போனாள். லயத்தில் அவளுக்குப் பர்மாக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது யாராவது சீண்டுவார்கள்.

"ஏ பர்மாக்காரி, அங்க ஒரு பர்மாக்காரிய சேத்துக்கிட்டு ஒக்காந்திருக்காரோ என்னமோ, ஒம் மாப்புள."

"சேத்துக்கிட்டா என்னாலா? வந்து சேரட்டும். ரெண்டு பேருக்கும் சேத்து ஆக்கிப் போடறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரிப்பாள்.

1948 ஜூனில் அவசரகாலம் அறிவித்தார்கள். முதல் இரண்டு ஆண்டு எங்களுக்கு அது பெரும்பாலும் பேச்சாகத்தான் இருந்தது. 1950இன் பிற்பகுதியில், தீபாவளிக்கு முன்பு, வேலி வந்தது. தோட்டத்தில் மூன்று இடங்களில் சிதறிக் கிடந்த லயங்களில் இரண்டைப் பிரித்து, எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி இரண்டு வரிசை முள்கம்பி போட்டார்கள். ஒரே வாசல். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் திறக்கும். மாலை ஆறு மணிக்குச் சாத்தும். அதற்குப் பிறகு வெளியே நிற்பவனைக் கேள்வி கேட்காமல் சுடலாம். காட்டுக்காரர்களுக்குப் போய்ச் சேரும் என்று, வெளியே ஒரு பிடி சோறுகூடக் கொண்டு போகக் கூடாது. வெட்டுக்குப் போகிறவர்கள் ஒரு போத்தல் கறுப்புக் காப்பியோடு போய், பசியாற வீட்டுக்குத்தான் வரவேண்டும். வாசலில் மாத்தாக்கள், அதாவது போலீஸ்காரர்கள், மடியைத் தடவிப் பார்ப்பார்கள்.

அந்த மாதத்து அமாவாசைக்கு முந்தின நாள் அம்மா சொன்னாள்.

"இனிமே வேணாங்க. கேட்டுல புடிச்சா என்னா சொல்லுவீங்க?"

"வேலிக்குள்ளயே ஒரு மூலையில வெச்சிக்கறேன்னா நீ உடுவியா?"

வேலிக்குள் என்றால் அது குடியிருக்கும் எல்லைக்குள். அம்மாவுக்குச் சரி என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா அன்று சோற்றுப் பொட்டலத்தைப் பால் வாளிக்கு அடியில், உறைந்துபோன கட்டிப்பால் எடுக்கும் அழுக்குச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு போனார். கட்டிப்பால் நாற்றம் தாங்காமல் மாத்தா வாளியை நோண்டிப் பார்க்கவில்லை. அதற்கடுத்து வந்த அமாவாசைகளுக்கும் அப்படியே போனார்.

இடையில் பெயர் எழுதினார்கள். வேலிக்குள் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அந்த வீட்டில் யார் யார், என்ன வயது, என்ன வேலை என்று ஒரு காகிதம் ஒட்ட வேண்டும். அதன் நகல் போலீஸுக்கும் போகும். ஆபீசுக்கு வெளியே மேசை போட்டுக்கொண்டு தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி எழுதினார். பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி உட்கார்ந்திருந்தார். சின்னம்மாவுக்குப் பின்னால் அப்பா நின்றார். அப்பாவுக்குப் பக்கத்தில் நான்.

"புருசன்?" என்று கேட்டார் கிராணி.

"இருக்காருங்க."

"எங்க இருக்காரு? உன் வீட்டுல நான் பார்த்ததே இல்லையே."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பர்மாவுல இருக்காருங்க. ரங்கூன்ல."

"உயிரோடத்தானே?"

"வாயில நல்ல வார்த்தையா வரட்டுங்க அய்யா. உயிரோடத்தான்."

கிராணி பேனாவை நிறுத்திவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்த்தார். "நீதானே கூட இருந்தவன்? நீ சொல்லு."

சின்னம்மாவும் திரும்பிப் பார்த்தாள். அப்பா, "ஆமாங்க. ஆசுபத்திரில விட்டுட்டு வந்தேன்" என்றார்.

கிராணி எழுதினார். அதிகாரி அதன் கீழ் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வரியைத் திருத்த எங்களிடம் பிறகு எதுவும் இருக்கவில்லை.

மாசி மாதம் மரங்கள் இலை கொட்டிவிடும். மற்ற மாதங்களில் பத்து நிரைக்கு அப்பால் நிற்கும் ஆளைப் பார்க்க முடியாது. மாசியில் மொட்டை மரங்களுக்கு நடுவே அரை மைல் தூரம் தெரியும். தை அமாவாசைக்கு மறுநாள் ரோந்து போனவர்கள் பாரிட்டு ஓரத்தில் பருக்கை ஒட்டிய இலையையும் ரோக்கோத் துண்டையும் பார்த்திருக்கிறார்கள். அதன் பிறகு தினமும் அவர்கள் எதிர்க்கரையில் பதுங்கிப் படுத்திருந்தார்கள். அப்பா மாசி அமாவாசையன்று இலையை விரித்தார். சோறு வைத்தார். கருவாடு வைத்தார். ரோக்கோவை வைத்தார். நிமிர்ந்து நின்று காட்டைப் பார்த்து சல்யூட் அடித்தார்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். வெட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர்தான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாராம்.

"ஒன் வூட்டுக்காரன் சோத்த வெச்சிட்டுக் காட்டுக்கு சலாம் போட்டானாம்மா. நாலு பேரு கண்ணால பாத்திருக்கானுங்க. நான் என்னாத்த சொல்லிக் காப்பாத்தறது?"

அப்பா படையில் இருந்தவர் என்பது போலீஸுக்கு முன்பே தெரியும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த ஆள், அரிசி, உப்பு மீன், புகையிலை, சல்யூட். வேறு எதுவும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. யாருக்கு வைத்தாய் என்று கேட்டபோது முனிக்கு வைத்தேன் என்றிருக்கிறார். அங்கே ஒரு தமிழ் மாத்தா இருந்திருக்கிறார். சூடம் எங்கே, எலுமிச்சம்பழம் எங்கே, முனிக்கு யாராவது சல்யூட் அடிப்பானா என்று அவர் கேட்டதும் அப்பா வாயை மூடிக்கொண்டார். நண்பரின் பெயரைச் சொல்லவில்லை.

விசாரணை இல்லாமல் அடைத்து வைக்கலாம், அல்லது ஊருக்கே திருப்பி அனுப்பலாம் என்பது அன்றைய சட்டம். இடையில் ஒரே ஒரு படி இருந்தது. மூன்று பேர் கொண்ட குழு முன்னால் கொண்டு நிறுத்துவார்கள். அவனுக்காகச் சொல்ல ஆள் இருந்தால் வந்து சொல்லலாம். கிராணி இதை அம்மாவுக்கு விளக்கினார். அவர் கெட்ட மனிதரல்ல.

"செத்தவனுக்கு வெச்சான்னு நீ சொல்ற. எந்தச் செத்தவன்னு அவங்க கேப்பாங்க. அந்தக் குடும்பத்துல ஒரு ஆளு வந்து ஆமான்னு சொல்லணும். பொண்டாட்டி நீ சொல்றது எடுபடாதும்மா."

அம்மா மூன்று நாள் யோசித்தாள். நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, வெட்டு முடிந்து வந்ததும் என்னையும் கூட்டிக்கொண்டு சின்னம்மா வீட்டுக்குப் போனாள். மரங்கள் துளிர்த்துவிட்ட சமயம், ஆகவே பங்குனி. சின்னம்மா கூப்பன் அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. அண்ணன உட்டுட்டானுங்களா?"

"இல்ல. ஒண்ணு சொல்லணும். கேட்டுட்டு என்ன அடிச்சாலும் சரி."

"என்னாக்கா இது."

"ஒன் வூட்டுக்காரரு வரமாட்டாரு."

முறம் நிற்கவில்லை. "ரங்கூன்லேந்து எழுதிட்டாங்களா?"

"ரங்கூனுக்கே போய்ச் சேரல. வழியிலயே முடிஞ்சி போச்சி. அவருதான் பக்கத்துல இருந்தாரு."

சின்னம்மா முறத்தை மடியில் இறக்கினாள். பிறகு கேட்டாள்.

"கம்பு?"

"என்னா கம்பு?"

"கம்பு ஊணிக்கிட்டு நடக்கறாருன்னு அண்ணன் சொன்னாரே."

"கம்பும் இல்ல" என்றாள் அம்மா.

சின்னம்மா முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். இன்னொரு கல்லையும் பொறுக்கினாள்.

"ஒனக்கு எப்பலேந்துக்கா தெரியும்?"

"நாலு வருசமா."

"தெனமும் பக்கத்துல நின்னுதான் தண்ணி புடிச்ச."

"ஆமா."

பாரிட்டு ஓரத்தில் அப்பா சோறு வைத்தது யாருக்கு என்பதையும், குழுவுக்கு முன்னால் அவள் வந்து சொல்ல வேண்டியது என்ன என்பதையும் அம்மா அதன் பிறகுதான் சொன்னாள். ஒரு கைப்பிடி அரிசியைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. சின்னம்மா மறுபடியும் முறத்தைத் தூக்கினாள். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

மறுநாள் காலைப் பெரட்டில் அவள் நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் கயிறு இல்லை. யாரையும் கூப்பிடவில்லை, யாரும் கூடி அழவில்லை. தானே கழற்றியிருக்கிறாள். பர்மாக்காரி என்று கூப்பிட வாயெடுத்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். அவளுடைய எட்டு வயது மகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு, எல்லோரும் ஏன் பார்க்கிறார்கள் என்று புரியாமல் நின்றாள். பெரட்டு கலைந்ததும் சின்னம்மா அம்மாவிடம் வந்தாள்.

"வரேன். அண்ணனுக்காக இல்ல. ஒம் புள்ளைங்களுக்காக வரேன்."

குழு கிள்ளானில் கூடியது. செவ்வாய்க்கிழமையிலிருந்து சரியாக ஒன்பதாம் நாள். அம்மா, சின்னம்மா, நான் மூவரும் தோட்டத்து லோரியில் போனோம். என்னை உள்ளே விடவில்லை. வெளியே சன்னலுக்குக் கீழே ஒரு பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஆங்கிலத்தில் பேசியது அவ்வளவாகக் கேட்கவில்லை. அதைத் தமிழில் சொன்ன மொழிபெயர்ப்பாளரின் குரல் நன்றாகக் கேட்டது. வயதான குரல், நிதானமானது.

முதலில் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கேட்டார்கள். கதவில் ஒட்டியதன் நகல் அவர்களிடம் இருந்தது.

"புருசன் உயிரோட இருக்காருன்னு நீதான் சொன்னியா?"

"நான்தாங்க சொன்னேன்."

"பொய் சொல்லி எழுத வெச்சா ஜெயிலுன்னு தெரியுமா?"

"நான் பொய் சொல்லலீங்க. அப்ப இருந்தாருங்க."

"இப்ப?"

"இப்ப இல்லீங்க."

"எப்ப செத்தாரு?"

"செவ்வாக்கெழமைங்க."

"எந்தச் செவ்வாக்கெழம?"

"இது போயி, அதுக்கு முந்தின செவ்வாக்கெழமைங்க."

மொழிபெயர்ப்பாளர் அதை உடனே ஆங்கிலத்தில் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அம்மா, நல்லா யோசிச்சிச் சொல்லு. பர்மாவுலயா செத்தாரு?"

"இல்லீங்க. எங்க லயத்துல. நான் அரிசி பொடச்சிக்கிட்டு இருந்தப்ப."

அவர் பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். வேறென்ன செய்வார், அது அவருடைய வேலை. உள்ளே யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். கேள்வி திரும்பி வந்தது.

"போன வாரம் செத்தவருக்கு மாசி மாசம் எப்படிச் சோறு வெப்பாங்க?"

அம்மா எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்ததும், உட்கார், உன்னைக் கேட்கவில்லை என்றது அந்த நிதானமான குரல். அம்மா உட்காரவில்லை. அவளைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து என் பக்கத்தில் விட்டார்கள்.

இத்தனை ஆண்டுகளில் அந்த ஒன்பது நாட்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். பெயர் எழுதிய நாளில் பொய் சொன்னதாக யாரும் தன்னைச் சொல்லிவிடக் கூடாது என்று அவள் பயந்தாள். மகளை வைத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போக முடியாது. அது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அவளைப் பொறுத்தவரை அவர் செத்தது அன்றுதான். கேட்டார்கள், உள்ளதைச் சொன்னாள்.

கடைசியில் அப்பாவைக் கேட்டிருக்கிறார்கள், இந்தப் பெண் சொல்வதற்கு நீ என்ன சொல்கிறாய் என்று. அவர் சுவரோரம் நின்றிருந்தார். அம்மாவை வெளியே கொண்டுவரும்போது கதவு வழியாக அவள் ஒரு நொடி பார்த்திருக்கிறாள். அப்பா சின்னம்மாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். காவலில் இருந்தவருக்கு அது அதுவரை தெரிந்திருக்க வழியில்லை. பிறகு அவருடைய குரல் சன்னல் வழியாக எனக்குக் கேட்டது.

"நான் சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க."

மறுபடியும் கேட்டார்கள். மறுபடியும் அதையே சொன்னார்.

நாடு கடத்தும் உத்தரவு வைகாசியில் வந்தது. மனைவி மக்கள் விரும்பினால் கூடவே போகலாம், கப்பல் செலவு அரசாங்கத்துடையது என்று கிராணி படித்துச் சொன்னார். அப்பா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்: வரவேண்டாம், அங்கே எனக்கு வீடு இல்லை, அண்ணன் தம்பி யார் இருக்கிறார்கள் என்று தெரியாது, பிள்ளைகள் இங்கே படிக்கட்டும். அம்மா இரண்டு வாரம் மூட்டை கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவளும் மரம் வெட்டுகிறவள். இங்கே அவளுக்கு ஒரு நிரை இருந்தது. கடைசியில் அவிழ்த்துவிட்டாள்.

சின்னம்மா அதற்கு முன்பே மகளை அழைத்துக்கொண்டு பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். போகும்போது எங்கள் வாசலைக் கடந்துதான் போனாள். அம்மா கதவருகில் நின்றாள்.

அப்பாவைக் கடைசியாகப் பார்த்தது போர்ட் சுவெட்டன்ஹாமில், ஆவணி மாதம். அதன் பிறகு அவரிடமிருந்து மூன்று கடிதங்கள் வந்தன, மூன்றும் வேறு வேறு ஆட்களின் கையெழுத்தில். மூன்றாவதில் கூலி வேலைக்குத் திருவாரூர்ப் பக்கம் போகிறேன் என்று இருந்தது. முகவரி இல்லை. நான்காவது வரவில்லை. நான் பிற்காலத்தில் அவருடைய ஊருக்கு எழுதிக் கேட்டபோது, அந்தப் பெயரில் ஒருவர் வந்து சில மாதம் இருந்தார், பிறகு தெரியாது என்று பதில் வந்தது. ஆகவே துறைமுகத்தில் எங்களுக்குக் கொடுத்த நேரம்தான் மிச்சம். அது ஏறக்குறைய அரை மணி.

ரப்பர் ஷீட் ஏற்றி வந்த தோட்டத்து லோரியிலேயே எங்களையும் கொண்டுவந்தார்கள். ஒரு தகரக் கொட்டகையில் இருபது முப்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மெலிந்திருந்தார். தம்பிகள் கிட்டப் போகத் தயங்கினார்கள். அவர் அவர்களுடைய தலையில் கை வைத்துவிட்டு, என்னிடம், எத்தனாம் வகுப்பு என்று கேட்டார். சொன்னேன். அதற்குப் பிறகு அம்மாவிடம்தான் பேசினார்.

"அவ எப்படி இருக்கா?"

"வேற தோட்டத்துக்குப் போயிட்டா."

"போறப்ப எதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல."

"என்னத் திட்டினாளா?"

"இல்ல."

"பாத்தா திட்டச் சொல்லு" என்றார்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். கையை எடுத்தபோது கண் வறண்டிருந்தது. "வேலிக்குள்ளயே வெச்சிக்குங்கன்னு நான் சொல்லியிருக்கணும்" என்றாள்.

"உடு" என்றார் அப்பா. "பஸ்ல பசங்கள சன்னலோரம் உக்கார வெக்காத."

நாங்கள் பஸ்ஸில் வரவில்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

லோரி டிரைவர் கொட்டகை வாசலுக்கு வந்து கூப்பிட்டார். "அக்கா, கெளம்பணும். கேட்டு சாத்திட்டான்னா ராத்திரி முழுக்க ரோட்டுல நிக்கணும். சுட்டாலும் சுடுவானுங்க." அம்மா இன்னும் கொஞ்சம் என்றாள். அவர், "மணி மூணரைக்கா, இதுக்கு மேல முடியாதுலா" என்றார். கப்பல் தள்ளி நின்றது. இன்னும் யாரையும் ஏற்ற ஆரம்பிக்கவில்லை. அப்பா உட்கார்ந்துவிட்டார். நாங்கள் போவதை நின்று பார்க்க அவருக்கு விருப்பமில்லை போலிருந்தது, அல்லது காவலர் உட்காரச் சொல்லியிருக்கலாம்.

அந்தக் கப்பல் அன்று மாலை கிளம்பியதா, மறுநாள் விடிந்து கிளம்பியதா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. பழைய பத்திரிகைகளில் கப்பல் வரவு, புறப்பாடு போடும் பகுதியைத் தேடிப் பார்த்தேன். அந்த வாரத்துத் தாள்கள் கிடைக்கவில்லை. அம்மாவிடம் பல தடவை கேட்டிருக்கிறேன், ஒரு சங்கு ஊதிய சத்தமாவது கேட்டதா என்று. அவளுக்குக் கப்பலைப் பற்றி எதுவும் நினைவில்லை. "கேட்டு சாத்தறதுக்குள்ள வந்துட்டோம்" என்பாள்.